மோரில் உப்பை நிறுத்திய விவரம்

பழவேற்காடு, ஒல்லாந்தர் கோட்டை.
துந்துபி வருஷம், மாசி மாதம் பத்தாம் தேதி.

திருப்பாலைவனத்தில் ஏடும் எழுத்தாணியுமாக வீற்றிருக்கும் மைத்துனர் லோகநாதர் அவர்களுக்கு, கோட்டைத் துபாசி மாசிலாமணி பணிவுடன் எழுதுவது. இங்கே நானும் தங்கள் தங்கை மணியம்மாளும் சுகம். அங்கே தாங்கள் சுகம் என்று வண்டிக்காரன் மாரி சொன்னான். தங்கள் வீட்டில் இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டதாகவும் சொன்னான்; ஆகையால் சாட்சியை நம்பலாம்.

நீண்ட ஆலோசனைக்குப் பிறகு, சென்ற தை இருபதாம் தேதி பகல் உணவு முதல் மோரில் உப்புப் போட்டுக்கொள்வதை நிறுத்திவிட்டேன் என்பதைத் தங்களுக்குத் தெரியப்படுத்துகிறேன். இதற்குக் காரணம் தாங்கள்தான். அம்மன் பேரில் நான் எழுதி அனுப்பிய பத்துப் பாட்டையும் வாசித்துவிட்டு, "சீர் இருக்கிறது, தளை இருக்கிறது, வேதனை இல்லை, கீறாத மரத்தில் பிசின் வராது, துன்பப்படாதவன் பாட்டு உப்பில்லாப் பண்டம்" என்று எழுதியிருந்தீர்கள். அதை ஏழு முறை வாசித்தேன். உண்மை என்று பட்டது. ஆனால் என் நிலையில் இருப்பவன் துன்பத்துக்கு எங்கே போவான்? ஒல்லாந்தர் சொல்வதைத் தமிழிலும் நம்மவர் சொல்வதை ஒல்லாந்திலும் திருப்பிச் சொல்வதைத் தவிர எனக்கு வேறு வேலை இல்லை. வீட்டில் காற்று வருகிறது. தங்கள் தங்கை எதிர்த்துப் பேசுவதில்லை. எனவே உப்பிலிருந்து தொடங்கலாம் என்று முடிவு செய்தேன். அதை அவளிடம் அறிவித்தபோது, "உப்பு வாணாம்னா சும்மா குடிக்க முடியாதுங்க, இத்தத் தொட்டுக்குங்க" என்று கிடாரங்காய் ஊறுகாயைக் கொண்டுவந்து வைத்தாள். மோர் முன்பைவிட நன்றாக இருந்தது. அன்று ஒரு பாட்டும் வரவில்லை.

மறுநாள் காலை கோட்டையில் என் மேசைக்கு எதிரே இருக்கும் ஜன்னல் வழியாக ஒரு குரல் வந்தது. ஏரியில் கையால் இறால் பிடிப்பவர்களைத் தாங்கள் பார்த்திருப்பீர்கள். முப்பது நாற்பது பேர் மார்பளவு தண்ணீரில் குந்தி, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவிக்கொண்டே நகர்வார்கள். எறா அகப்பட்டால் போட வேண்டிய பறியைப் பிடிக்க மூன்றாவது கை கிடையாது. அதனால் ஓலைப் பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துத் தொங்கவிட்டிருப்பார்கள். அந்தக் கூட்டத்தில் இருசம்மாள் என்று ஒருத்தி. பறியைக் கடித்தபடியே பாடுகிறாள். வாய் திறக்க முடியாததால் சொல் கிடையாது. மூக்கிலும் தொண்டையிலுமாக ஒரு முனகல் மட்டும் எழும்பி, தண்ணீர்மேல் வந்து, அகழியைத் தாண்டி, எங்கள் சுவரில் பட்டு நிற்கிறது. மைத்துனரே, நான் சங்கீதம் கேட்டவன். காஞ்சிபுரத்தில் வாசல் படியில் நின்றாவது கேட்டவன். இப்படி ஒன்றைக் கேட்டதில்லை. அது ஏறுகிற இடத்தில் ஏறும் என்று எதிர்பார்த்தால் ஏறாது. ஒரு கை சேற்றுக்குள் எதையோ தொட்டுவிட்டதைப்போலச் சற்று நிற்கும். அப்புறம் நாம் நினைக்காத பக்கமாக இறங்கும். துப்பாக்கி துடைத்துக்கொண்டிருந்த சிப்பாய் துடைப்பதை நிறுத்தினான். கோட்டைத் துரை எழுந்து என் ஜன்னலுக்கு வந்தார். வெகு நேரம் கேட்டுவிட்டு, "இந்தப் பெண் வாழ்க்கையில் ஏதோ பெரிய துக்கம் இருக்கிறது. அவள் ஏதாவது கேட்டால் கொடுக்கலாம் என்று இருக்கிறது, கேட்கமாட்டாள் போலிருக்கிறது" என்றார். துக்கம் இருப்பது உண்மை என்று ஒல்லாந்தில் சொன்னேன்.

அவள் கேட்டிருந்தாள் என்பதுதான் இதில் உள்ள சிக்கல். அன்று காலையே அவள் பெயரில் ஒரு விண்ணப்பம் மொழிபெயர்ப்புக்காக என் கைக்கு வந்திருந்தது. முகத்துவாரம் மணல் அடைத்துக்கொண்டதால் இந்த வருஷம் ஏரியில் எறா ஏறவில்லை, பிள்ளைகளுக்கு இரண்டு வேளைக் கஞ்சி ஒரு வேளையாகிவிட்டது, கோட்டை அகழியின் வாயில் எறா மொய்க்கிறது, அங்கே இறங்கக் கூடாது என்று காவல் இருக்கிறது, பங்குனி முடியும் மட்டும் காலையில் இரண்டு நாழிகை இறங்க உத்தரவு வேண்டும் என்று யாரையோ பிடித்து எழுதி வாங்கியிருந்தாள். நான் விண்ணப்பத்தை ஒரு கையிலும் தங்கள் கடிதத்தை மறு கையிலும் வைத்துக்கொண்டு அந்தப் பாட்டைக் கேட்டேன். அகழியில் இறங்கினால் வயிறு நிறையும். வயிறு நிறைந்தால் துக்கம் போகும். துக்கம் போனால் பாட்டு என்ன ஆகும்? தங்கள் வாக்கியத்திலேயே பதில் இருந்தது. உலகத்தில் இப்படி ஒரு பாட்டு இருக்கும்போது, ஒரு துபாசியின் கவனக்குறைவால் அது கெட்டுப்போனது என்று நாளை யாரும் சொல்லக் கூடாது. விண்ணப்பத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். இன்றோடு பத்தொன்பது நாள்.

ஆனாலும் அவளுடைய துக்கம் இன்னது என்று தெரிந்துகொண்டால் என் அம்மன் பாட்டுக்கும் உதவுமே என்று மாசி முதல் தேதி கரைக்குப் போனேன். இருசம்மாள் தலை நரைக்காத, கை மட்டும் கிழடு தட்டிய பெண். புருஷன் சடையன் பக்கத்தில் பறியை உதறிக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் வாயிலிருந்த கயிற்றை எடுத்துவிட்டு, "இன்னா சாமி, கடுதாசி இன்னா ஆச்சு?" என்றாள். பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்றேன். "பாத்துகினே கீறீங்களா? படிக்கிறதுக்கே இத்தினி நாளா?" என்றான் சடையன். நான் அதைப் பொருட்படுத்தாமல், பாடும்போது மனதில் என்ன ஓடுகிறது என்று கேட்டேன்.

"எறா ஓடும்" என்றாள்.

அதில்லை, அந்தப் பாட்டுக்குச் சொல் உண்டா, எந்த வேதனையில் பிறந்தது என்றேன். தண்ணீரில் இருந்தவர்கள் எல்லோரும் பறியைக் கையில் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். "சொல்லு இருசு, சாமி கேக்குதில்ல" என்று தூண்டினார்கள். அவள் கொஞ்சமும் தயங்காமல் சொன்னாள்:

"நண்டு ஆக்குனா நாத்தனா, கழுவாத ஆக்குனா,
சேத்தத் தின்னு சிரிக்கிறான் சேத்துக்குள்ள பொறந்தவன்."

சேற்றில் பிறந்தவன் சடையன். நாத்தனார் அவன் தங்கை பச்சையம்மா. அவளும் அதே தண்ணீரில்தான் நின்றாள். "இன்னும் எத்தினி வருசத்துக்குடி அந்த ஒரு நண்ட சொல்லிகினு இருப்ப?" என்றாள். பெரும் கலைஞர்கள் தங்கள் ரணத்தை வேடிக்கையால் மூடி வைப்பார்கள் என்று நான் அறிந்திருந்ததால் ஏமாறவில்லை. துக்கம் என்று ஒன்று உனக்கு வந்ததே இல்லையா என்று நேராகவே கேட்டுவிட்டேன். சிரிப்பு நின்றது. சடையன் பறியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வந்துது சாமி. பெரிய பொண்ணு பேதியில போச்சு. அந்த வருசம் பூரா கயித்தக் கடிச்சிகினேதான் இருந்தேன். பல்லு தேஞ்சிது. ஒரு சத்தம் வர்ல. வயித்துல அனலு எரியறப்ப பாட்டு எங்கேர்ந்து வரும்? பொறவு ஒரு நாளு எறா அள்ளிகினு வந்துது, பச்சையம்மா நண்டு ஆக்குனா, இவுரு சேத்தோட தின்னுட்டு நல்லாகீதுன்னாரு. அன்னிக்குதான் சிரிச்சேன். அன்னிக்குதான் பாட்டு வந்துது."

இந்தச் சாட்சியம் தங்கள் கொள்கைக்குப் பாதகமாக இருப்பதால் இதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. படிக்காத ஜனங்களுக்குத் தங்கள் கலை எங்கிருந்து வருகிறது என்பது தெரியாது. அதை அவர்களுக்குச் சொல்லத்தானே நாம் இருக்கிறோம். ஆனால் சோதனை என்று ஒன்று இருக்கிறதல்லவா? வேதனையை நானே அடைந்து, அதிலிருந்து பாட்டு வருகிறதா என்று பார்த்துவிடுவது என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏரியில் இறங்கினேன். "காலத் தூக்காதீங்க சாமி, இழுத்து வெய்ங்க, இழுத்து வெய்ங்க!" என்று நாற்பது பேரும் கத்தினார்கள். ஏரியில் பாதத்தைச் சேற்றோடு தேய்த்துக்கொண்டுதான் நடக்க வேண்டுமாம். அப்படி நடந்தால் அடியில் கிடப்பது விலகிப் போகும். நான் கோட்டைப் படியில் நடக்கிற பழக்கத்தில் காலைத் தூக்கி, நிதானமாக, ஒரு கெளுத்தி மீனின் மேல் வைத்தேன்.

அதன் முள் என் உள்ளங்காலில் ஏறிய கணத்தில் நான் அடைந்த வேதனை, தாங்கள் கேட்டிருந்த அளவுக்குச் சற்றும் குறையாதது. அப்போது என்னிடமிருந்து வெளிவந்த படைப்பு "ஐயோ" என்பது. அதைப் பலமுறை செய்தேன். மாற்றம் எதுவும் தோன்றவில்லை. மறுநாள் துரை, "நேற்று ஏரியில் ஏதாவது மாடு மாட்டிக்கொண்டதா?" என்று விசாரித்தார்.

சடையன் என்னைத் தூக்கிவந்து கரையில் போட்டான். இருசம்மாள் முள்ளைப் பிடுங்கினாள். உப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுத்தாள். அவள் கை தாங்கிய சூடு என் காலுக்குத்தான் கொதித்தது. அப்போது, என் கூச்சல் தாங்காமலோ என்னவோ, அவள் பாட ஆரம்பித்தாள். பறி கீழே கிடந்தது. முதன்முறையாக வாய் திறந்து பாடிக் கேட்டேன். அதே நண்டு, அதே நாத்தனார், அதே சேறு. ஆனால் மைத்துனரே, "சிரிக்கிறான்" என்ற இடத்தில் அவள் குரல் ஒரு கணம் நின்று இறங்கியது பாருங்கள், அங்கே அந்தப் பெண் குழந்தையும் இருந்தது, சோறும் இருந்தது, பக்கத்தில் குந்தியிருந்த அந்தக் கறுத்த மனிதனும் இருந்தான். என் காலை மறந்தேன். தங்கள் கடிதத்தையும் மறந்தேன் என்று எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். பாட்டு முடிந்ததும் ஒத்தடத் துணியை உதறிக்கொண்டே, "கடுதாசிய தொரைகிட்ட குட்த்துருவீங்க இல்ல சாமி?" என்றாள். பார்க்கிறேன் என்றேன்.

எட்டு நாள் கால் வீங்கிக் கிடந்தது. அந்த எட்டு நாளும் ஓலையைப் பக்கத்திலேயே வைத்திருந்தேன். வேதனை தாராளமாக இருந்தது. ஒரு வரி வந்தது. அதிலும் மோனை இல்லை. நேற்று வீக்கம் வற்றி, நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் படுத்து எழுந்தபோது நான்கு பாட்டு தானாக வந்தது. தங்கள் கொள்கைக்கு மதிப்புக் கொடுத்து அவற்றைக் கிழித்துவிட்டேன். இப்போது என் மனம் இரண்டு பக்கமும் இழுபடுகிறது. இப்பேர்ப்பட்ட பாட்டைக் காப்பது என் கடமை. அதே சமயம் கஞ்சி ஒரு வேளை என்பதும் விண்ணப்பத்தில் எழுதியிருக்கிறது. தாங்கள் நூல்களைப் புரட்டி, கலைக்குக் குறைந்தபட்சம் எவ்வளவு பசி வேண்டும் என்று முன்னோர் வகுத்திருக்கிறார்கள் என்பதை எழுத வேண்டும். தங்கள் பதில் வரும்வரை விண்ணப்பம் பெட்டியிலேயே பத்திரமாக இருக்கும்.

அம்மன் அருளால் தங்கள் நெல் பதரில்லாமல் விளையவும், தங்கள் ஏட்டைப் பூச்சி அரிக்காமல் இருக்கவும், வீட்டில் பெரியோர் சிறியோர் எல்லோரும் சுரமின்றி வாழவும் வேண்டுகிறேன். மாரி மூன்றாம் முறை சாப்பிடாமல் பார்த்துக்கொள்ளவும்.

இங்ஙனம்,
தங்கள் அன்புள்ள
மாசிலாமணி

பின்குறிப்பு, மாசி பதினெட்டாம் தேதி: மாரியின் வண்டி அச்சு முறிந்துவிட்டதால் கடிதம் கிளம்பவில்லை. இடையில் நடந்ததையும் சேர்த்துவிடுகிறேன். மேலே எழுதியதை, பாராட்டுவாள் என்று நம்பி, பதினோராம் தேதி காலையில் தங்கள் தங்கைக்கு வாசித்துக் காட்டினேன். கடைசிவரை குறுக்கிடாமல் கேட்டாள். "எங்கண்ணன் மூணு வேள துன்னுட்டு எழுதுன கடுதாசிக்கு, ஏரில நிக்கிறவ பட்டினி கெடக்கணுமா?" என்றாள். அன்று பகல் எனக்குச் சோறு இல்லை. மாலையும் இல்லை. மோர்கூட இல்லை. பன்னிரண்டாம் தேதி காலை வெறும் வயிற்றோடு போய்ப் பெட்டியைத் திறந்து விண்ணப்பத்தை மொழிபெயர்த்தேன். இத்தனை வருஷத்தில் நீ எழுதியதிலேயே மனதை உருக்கியது இதுதான் என்று சொல்லித் துரை உடனே கையெழுத்துப் போட்டார்.

இருசம்மாள் கூட்டம் இப்போது தினமும் காலையில் என் ஜன்னலுக்கு நேர் கீழே, அகழி வாயில் இறங்குகிறது. அங்கே கல் படி இருப்பதால் பறிகளைப் படியில் வைத்துவிடுகிறார்கள். கயிற்றைக் கடிக்க வேண்டியதில்லை. ஆகவே நாற்பது பேரும் வாய் திறந்து பாடுகிறார்கள். எறா நிறைய. பாட்டும் புதிது. இருசம்மாள் கேட்க, மற்றவர்கள் பதில் சொல்கிறார்கள்:

"பெட்டிக்குள்ள இன்னா கீது?"
"கடுதாசி!"
"எத்தினி நாளு தூங்குச்சி?"
"இருவத்தோரு நாளு!"
"துபாசி சாமி எழுப்பலியா?"
"கெளுத்தி வந்து எழுப்புச்சி!"

முன்பு கேட்டதைவிட இது நன்றாக இருக்கிறது என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. "கெளுத்தி" என்ற இடத்தில் அவள் நின்று இறங்குகிற அழகைத் தாங்கள் நேரில் வந்து கேட்க வேண்டும்.

நேற்றுத் துரை என்னைக் கூப்பிட்டு, எல்லோரும் இப்படிச் சிரிக்கிறார்களே, இந்தப் பாட்டின் பொருள் என்ன என்று கேட்டார். மொழிபெயர்ப்பது என் உத்தியோகம். வரி வரியாகச் சொன்னேன். எத்தனை நாள் என்பதை இரண்டாம் முறை சொல்லச் சொன்னார்.

இன்று காலை முதல் என் மேசை கிராம்பு மூட்டைகள் அடுக்கும் பண்டகசாலையில் போடப்பட்டிருக்கிறது. அங்கே ஜன்னல் கிடையாது.