கொழுப்புக்குள்ளே கரண்டு

விளாங்குடி,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மாப்ள சிவபாண்டிக்கு, உன் மச்சான் தவசி எழுதிக்கொள்வது. உன் அக்காளுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, எனக்குத் தொந்திதான் குறையவில்லை. வாடிப்பட்டியில் நீயும் தங்கச்சியும் மருமகன் ராஜபாண்டியும் சுகமாயிருக்க மீனாட்சித் தாயை வேண்டுகிறேன்.

நிற்க. என் மகள் தமிழ்வாணியின் ஆராய்ச்சிப் படிப்பை இந்த மாதத்தோடு நிறுத்தி, ஆவணியில் ராஜபாண்டிக்குக் கட்டிக்கொடுப்பதாக உனக்கு வாக்குக் கொடுத்தேன் அல்லவா, அதைச் சொல்லி அவளைக் கையோடு கூட்டிவரத்தான் வெள்ளிக்கிழமை கல்லூரி ஆய்வுக்கூடத்துக்குப் போனேன். போனால், எலியின் கொழுப்புச் செல் ஒன்றில் முடியைவிட மெல்லிய கண்ணாடி ஊசியைக் குத்தி வைத்துக்கொண்டு, "மேசைய இடிச்சிராதீங்கப்பா, இதுல கரண்டு இருக்கு" என்கிறாள். மின்வாரியத்தில் முப்பத்திநாலு வருஷம் கம்பம் ஏறினவன்கிட்டயா! "கொழுப்புல ஏதுத்தா கரண்டு?" என்று சட்டைப்பையிலிருந்த டெஸ்டரை எடுத்து என் தொந்தியிலேயே வைத்துக் காட்டினேன். கூட இருந்த பிள்ளைகள் சிரித்தார்கள். அவ சிரிக்கல. "எட்டு மாசமா திரையில கோடு நடுங்கிக்கிட்டே இருக்குப்பா, ஒண்ணும் தெரிய மாட்டேங்குது"ன்னு கண் கலங்குறா. எனக்குப் பொசுக்குன்னு ஆயிருச்சு. திரையைப் பார்த்ததுமே புரிஞ்சுபோச்சு, நம்ம லைன் கரண்டோட நடுக்கந்தான் அது. மேசைக்கடியில படுத்துத் தேடுனா எர்த் கம்பி லூசு, துரு வேற. சுரண்டி முறுக்கிட்டு எந்திரிக்கையில மண்டை இடிச்சு, வேட்டியும் கிழிஞ்சுபோச்சு. ஆனா கோடு கம்முன்னு நின்னுச்சு.

அப்புறம் ஒரு சொட்டு அட்ரினலின் விட்டா மாப்ள. நாம பயந்தா உடம்புல ஊறுமே, அந்த ஹார்மோன். அந்தச் செல்லு ஒரு பொட்டு, உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு வோல்ட்டில் இருபதில் ஒரு பங்கு வித்தியாசம் இருந்தாலே சாஸ்தியாம், அதோட கோடு மெல்ல மேல ஏறுச்சு பாரு, ஆத்தாடி! "சேத்து வச்சத எடுத்து எரின்னு உடம்புகிட்ட இருந்து தாக்கல் வந்திருக்குப்பா"ன்னா. ஊருக்கெல்லாம் லைட்டு எரிய விட்டவன், என் வயித்துக்குள்ளயே அம்புட்டு கோடி கரண்டு இருக்கிறது தெரியாம இருந்திருக்கேன். அங்கேயே கையெடுத்துக் கும்பிட்டுட்டேன்.

இருந்தாலும் கொடுத்த வாக்கு வாக்குதான். பிள்ளையிடம் விஷயத்தைச் சொன்னேன், சரியென்றாள். ஆய்வுக்கூடச் சாவியைத் திங்கட்கிழமை ஒப்படைத்துவிடுவதாகச் சொல்லிவிட்டாள். ஆவணி முகூர்த்தத்தில் மாற்றமில்லை, மண்டபத்துக்குச் சொல்லிவிடு. சிறுசுகளுக்கு எங்கள் ஆசி, தங்கச்சிக்கு அன்பு.

இப்படிக்கு,
மச்சான் தவசி

பின்குறிப்பு: மண்டபத்துக்குச் சொல்லாதே மாப்ள. கோவிச்சுக்கிட்டாலும் சரி, ரெண்டு வருஷம் போகட்டும். சாவியை அவகிட்ட இருந்து நான் வாங்கி வச்சுக்கிட்டேன். நிப்பாட்டச் சொன்னா அவ நிப்பாட்டிருவா, என்னாலதான் முடியல. இன்சுலின் விட்டா கோடு எந்தப் பக்கம் போகும்னு நாளைக்குத்தான் பாக்கணும்.