புள்ளிக்குப் பின்னால் அப்பா

கம்ப்யூட்டர் "நிச்சயமாகத்தானா?" என்று கேட்டால் மனுஷன் கொஞ்சம் யோசிக்க வேண்டும். நான் யோசிக்க மாட்டேன். (எங்க குடும்பமே அப்படித்தான், கேள்வி கேட்டால் ரோஷம் பொத்துக்கொண்டு வரும்.)

தங்கச்சி ஸ்டெல்லாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் பத்திரிகையைத் தாங்களே அடித்துத் தருவதாகச் சொன்னார்கள். நான் விடுவேனா? கம்ப்யூட்டர் கிளாஸ் போய், பழைய கம்ப்யூட்டர் ஒன்றை எஸ்டேட் லயத்து வீட்டில் கொண்டுவந்து வைத்த பெரிய மனுஷன் ஆயிற்றே! "நானே அடிச்சுத் தாரேன்" என்றேன். எங்களுக்கு முதல் பத்திரிகையை ஞாயிற்றுக்கிழமை பூசையில் பீடத்தில் வைத்து ஃபாதர் மந்திரித்த பிறகுதான் ஊருக்குக் கொடுப்பது வழக்கம். அதற்கு மாப்பிள்ளை வீட்டாரும் வருகிறார்கள். "அண்ணே, அவங்க முன்னாடி என்னைய தலைகுனிய வச்சிராத" என்றாள் ஸ்டெல்லா.

சனிக்கிழமை மதியம் ஒருவழியாக டைப் செய்து முடித்தேன். எங்கேயோ எதையோ அமுக்கித் தொலைத்ததில், ஃபைல் பேருக்குப் பின்னால் ஒரு புள்ளியும் நாலு எழுத்தும் (docx) முளைத்தன. எனக்குச் சந்தேகமே வரவில்லை. இனிஷியல்! கேரளத்தில் எங்களுக்கு இனிஷியல் பேருக்குப் பின்னால்தான். நான் செபாஸ்டின் ஏ. 'ஏ' என்றால் அருளப்பன், என் அப்பா. நான் பாடுபட்டுப் பெற்ற பிள்ளைக்கு எவனோ 'டாக்ஸ்' என்று அவன் அப்பன் பேரைப் போட்டிருக்கிறான்!

அதை அழித்துவிட்டு 'ஏ' போட்டேன். ஃபைல் உபயோகப்படாமல் போகலாம், நிச்சயமாகத்தானா என்று கேட்டது. சொந்த அப்பன் பேரைப் போட இவனிடம் அனுமதி வாங்கணுமா? யெஸ் என்று ஓங்கி ஒரு அமுக்கு அமுக்கினேன்.

பென்டிரைவோடும் அப்பாவோடும் ஜீப் பிடித்து மூணாறு டவுனுக்கு இறங்கினேன். பிரிண்டிங் கடை ஷைனி சேச்சி ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார். கெஞ்சி உள்ளே நுழைந்தோம். ஃபைலைத் திறக்கப் போனால், "எதைக் கொண்டு திறக்க?" என்று கம்ப்யூட்டர் சேச்சியிடமே திருப்பிக் கேட்டது. படம் பார்க்கிறதில் போட்டார், பாட்டு கேட்கிறதில் போட்டார். ஊஹூம்.

"மோனே, இது எந்தா சாதனம்?"

"கல்யாணப் பத்திரிகை, சேச்சி."

"ஏலே, காலைல மாப்ள வீட்டுக்காரங்க வந்து நிப்பாங்க. வெறும் பீடத்தையா மந்திரிக்கிறது?" என்றார் அப்பா.

அந்நேரம் பார்த்து ஸ்டெல்லா போன் செய்தாள். "அச்சடிச்சாச்சா அண்ணே?" என் குரலைக் கேட்டதுமே கண்டுபிடித்து அழ ஆரம்பித்துவிட்டாள்.

சேச்சி திரையை உற்றுப் பார்த்தார். "இந்த 'ஏ' ஆரு போட்டது?"

"அது... அப்பா இனிஷியல், சேச்சி."

சேச்சி மேசையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தார். பிறகு 'ஏ'யை அழித்து, பழைய டாக்ஸைப் போட்டார். பத்திரிகை பளிச்சென்று திறந்துகொண்டது.

அப்பா சிரிக்கவில்லை. "என் பேரை எடுத்த பொறவுதாம்லே திறக்குது" என்றார். திரும்பும்போது ஜீப்பில் என்னைவிட்டு முன்சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார்.

மறுநாள் பத்திரிகை பீடத்தில் இருந்தது. ஸ்டெல்லா தலை நிமிர்ந்தாள். ஆனால் கல்யாணமான கையோடு எல்லாவற்றையும் மாப்பிள்ளையிடம் ஒப்பித்துவிட்டாள். போன மாதம் அவர்கள் மகனுக்கு ஞானஸ்நானம். ஃபாதர் பிள்ளையின் பேரைக் கேட்டதும், மாப்பிள்ளை அதைச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"மச்சான், இனிஷியல் டாக்ஸ்தான? நிச்சயமாத்தானா?"

கோயில் என்றும் பார்க்காமல் முதலில் வெடித்துச் சிரித்தது அப்பாதான்.