எரிமலை பாயின் வெந்நீர் வைத்தியம்

உலகத்திலுள்ள அத்தனை வியாதிக்கும் ஷார்ஜாவிலிருந்து ஒன்றரை மணி நேரப் பயணத்தில் மருந்து இருக்கிறது என்று நம்பிய ஒரே மனிதர் எங்கள் எரிமலை பாய்தான்.

தொழில்பேட்டையில் பாறைகளைச் சோதிக்கும் லேபில் கல் உடைக்கும் மெஷினில் அவருக்கு டியூட்டி. அங்கே இன்ஜினியர்கள் பேசுவதைக் கேட்டே பாதி விஞ்ஞானி ஆகிவிட்டார். லீவு நாள் வந்தால் ரூமில் இருக்கும் எங்களைப் பிக்கப்பில் ஏற்றி, ஃபுஜைரா மலைப்பக்கம் கடத்திப்போவார்.

"யல்லா, இறங்குங்கப்பா! இந்தக் கறுப்புப் பாறை என்னங்கிறீங்க? கடலுக்கடியில ஆறிப்போன எரிமலைக் குழம்பு! செருப்பக் கழட்டிட்டு நில்லுங்க, வியாதி இறங்கிரும்!"

அடுத்தது மலையடிவாரத்து வெந்நீர் ஊற்று. முதுகுவலி, முடி கொட்டுவது, முதலாளி திட்டியது எல்லாவற்றுக்கும் ஒரே வைத்தியம், கழுத்தளவு முங்குவது. சளி பிடித்திருந்த என்னையும் முக்கினார். சளி நெஞ்சில் இறங்கியது.

"வெளிய வர வழி பாக்குது தம்பி" என்றார் கூசாமல்.

எங்களை வைத்து அவர் ஒத்திகை பார்த்தது பிறகுதான் தெரிந்தது. ஊரில் அவர் மனைவிக்கு எலும்பில் புற்றுநோய். டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்கள். விசிட் விசா எடுத்து அழைத்துவந்து, மறுநாளே ஊற்றுக்குக் கூட்டிப்போனார். நானும் போனேன்.

அந்த அம்மா கரையில் உட்கார்ந்து பாதங்களை நனைத்தார்.

"எப்படிம்மா இருக்கு?" பாய் குனிந்து கேட்டார்.

"வலியே தெரியலைங்க."

பாய் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆனந்தத்தில் குதித்தார். முன்பின் தெரியாத ஒரு பாகிஸ்தானி டிரைவரைக் கட்டிப்பிடித்து, "தர்த் கலாஸ், பாய்! கலாஸ்!" என்று வலி தீர்ந்த சேதியைக் கூவினார்.

அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் அந்த அம்மா கைப்பையிலிருந்து வலி மாத்திரையை எடுத்தார்.

"கொஞ்சம் தண்ணி குடுங்க தம்பி. அவுகள்ட்ட சொல்லிராதீங்க."

நான் சொல்லவில்லை. ஊருக்குத் திரும்பிய மூன்றாம் மாதம் அந்த அம்மா இறந்துவிட்டார். அடக்கத்துக்குப் பாயால் போய்ச் சேர முடியவில்லை. அதற்கப்புறம் கிடைத்த டிக்கெட்டுக்கு அவர் பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது, மனசு கேட்காமல் மாத்திரை விஷயத்தைச் சொல்லிவிட்டேன்.

"தெரியும் தம்பி. ஓரக்கண்ணால பாத்துட்டேன். நான் திரும்பினா அவ முழுங்க மாட்டா. அதான் இன்னுங்கொஞ்ச நேரம் குதிச்சேன்."

அவரைக் கிறுக்கு என்று சொல்லிச் சிரித்தவன் நான். அன்று டாக்ஸி வரும்வரை அவர் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.