வாடகை வண்டியும் பதகளி அண்ணையும்

மழை வருவதற்கு முன்பே நனைந்துபோகிற ஒரே ஆள் ஜெர்மனியில் பதகளி அண்ணைதான். எங்கள் ஊர்ப் பேச்சில் பதகளிப்பது என்றால் ஒன்றுமில்லாததற்கும் நெஞ்சு பதறுவது. சொந்தப் பெயர் அவருடைய விசாவில் இருந்தது. எசன் நகரத்தில் யாரும் அதைக் கேட்கவில்லை.

பிடிக்க வேண்டிய ரயிலுக்கு முந்தின ரயிலில் போவார். அதுவும் பிந்திவிட்டால் என்று அதற்கும் முந்தினதற்கு வந்து நிற்பார். வீட்டைப் பூட்டிவிட்டு இழுத்துப் பார்ப்பார். இழுத்து இழுத்துக் கைப்பிடி கையோடு வந்தது. பிறகு கைப்பிடி இல்லாத வீட்டை நினைத்துப் பதகளித்தார்.

எல்லாவற்றுக்கும் மேலே அடுப்பு. வீட்டில் ஆள் இல்லையென்றால் அடுப்பைத் திருகுகிற குமிழ்களைக் கழற்றிக் காற்சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் வெளியே வருவார். நாங்கள் இரண்டு பேரும் பாண் ரொட்டி சுடுகிற தொழிற்சாலையில் வேலை. அவர் நடந்தால் கிலுகிலுப்பை மாதிரிச் சத்தம் வரும்.

"ஏன் அண்ணை அடுப்பைக் காவிக்கொண்டு திரியிறியள்?"

"குமிழ் என்னட்டை இருந்தா அது எரியாது தானே."

சரிதான்.

யூரோ வந்த புதிதில் அவருடைய மகளுக்குக் கலியாணம் சரிவந்தது. எங்கள் ஆட்களுக்கு அழைப்புக் காட் அனுப்பினால் போதாது. நேரே போய்ச் சொல்ல வேண்டும். அண்ணையின் சகோதரங்கள் டென்மார்க்கில், பாரிஸில், சுவிஸில். ஒருவர் வீட்டில் படுத்தால் மற்றவர் கோவிப்பார். ஹோட்டலில் படுத்தால் எல்லாரும் கோவிப்பார்கள். ஆகவே வோன்மொபில். கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாம் உள்ளே இருக்கிற வண்டி. நான் பாண் லொறி ஓடுகிறவன். என்னைச் சாரதியாகப் பிடித்தார்.

வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா? ஒரு மாதம் இதே கதை.

"வாங்கினா வழியிலை நிண்டிடும் தம்பி."

"அப்ப வாடகைக்கு எடுங்கோ."

"கீறல் விழுந்தா?"

"அப்ப வாங்குங்கோ."

"கலியாணம் முடிய எங்கை விடுறது? சீதனமாக் குடுக்கிறதே?"

அவருடைய மனைவி குசினிக்குள் சமைத்தபடி சொன்னார்: "குடுங்கோ. நீங்களும் அதுக்குள்ளை ஏறிப் போங்கோ."

கடைசியில் வாங்குவது என்று முடிவாகி ஒரு ஜெர்மன் கிழவரிடம் போனோம். வண்டி துடைத்து வைத்த மாதிரி இருந்தது. பதகளி அண்ணை கீழே படுத்துப் பார்த்தார். மேலே ஏறிப் பார்த்தார். குறை இல்லை. குறை இல்லாதது அவரைப் பதறவைத்தது. ஏன் விற்கிறீர்கள் என்று கேட்டார். மனைவி இறந்துவிட்டாள், தனியே போக மனமில்லை என்றார் கிழவர். அண்ணை அவருடைய கையைப் பிடித்துத் துக்கம் சொன்னார். தெருவுக்கு வந்ததும் என் கையைப் பிடித்தார்.

"மனிசி செத்த வண்டியிலை போய்க் கலியாணம் சொல்லுறதே?"

கிழவர் எங்களுக்குக் கோப்பி போட்டு வைத்திருந்தார். குடிக்காமல் வந்துவிட்டோம்.

வாடகைக்கே எடுத்தோம். வண்டி வாடகைக்கு விடுகிற கடைக்காரன் ஒரு நிபந்தனை போட்டான். வண்டியில் சமையல் மணம் இருந்தால் பிணைப்பணம் திரும்பி வராது. அண்ணை வெளுத்துப் போனார். அந்த இடத்திலேயே வண்டி அடுப்பின் குமிழ்களைக் கழற்றினார். இடப்பையில் வீடு. வலப்பையில் வண்டி.

அண்ணை, மனைவி, நான், மூன்று பேருக்கும் வழியெல்லாம் வெறும் பாண். டென்மார்க்கில் தம்பி வீட்டார் இறால் பொரியல் கட்டித் தந்தார்கள். அதை வண்டிக்குப் பின்னால், சைக்கிள் கட்டுகிற கம்பியில் தொங்கவிட்டார். ஓட்டோபான் நெடுஞ்சாலையில் எங்களுக்குப் பின்னால் யாரும் அதிக நேரம் வரவில்லை.

பாரிஸும் முடிந்தது. சுவிஸ் கிட்ட வர அண்ணை மெல்லச் சொன்னார்.

"அக்கா வீட்டுக்குள்ளை நான் போகேலாது, தம்பி."

சில வருடங்களுக்கு முன் சுவிஸில் அக்காவின் மகள் பெரியபிள்ளையான சடங்கு. தாய்மாமன் இல்லாமல் அது நடக்காது. இவர் எசனிலிருந்து வெளிக்கிட்டார். பாதி வழிக்கு மேலே, கார்ல்ஸ்ரூஹே தாண்டும்போது அடுப்பு ஞாபகம் வந்தது. திரும்பிப் போனார். அடுப்பு அணைந்துதான் இருந்தது. மறுபடி ஓடி வந்து சேர, பந்தலைக் கழற்றிக்கொண்டு நின்றார்கள். "இனி என்ர வாசல் மிதியாதை" என்றார் அக்கா. அதற்குப் பிறகுதான் குமிழ்கள் பைக்குள் ஏறின.

வாசல் மிதிக்காமல் வாசலுக்கு முன்னால் படுக்க ஒரு வண்டி வேண்டும். வோன்மொபில் எதற்கென்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. நிற்பாட்டாமல் வண்டியை ஓடினேன்.

அக்கா வீட்டு முன்னால் நிறுத்தினேன். அண்ணையின் மனைவி போய் மணி அடித்துச் சொல்லிவிட்டு வந்தார்.

"நான் சொன்னதைக் கேட்டவா. கதவைச் சாத்திப்போட்டா."

நேரம் போனது. அண்ணையின் பைகளில் குமிழ்கள் கிலுகிலுத்தன.

"தம்பி, வண்டியைத் திருப்புவமே?"

வண்டியைக் கிளப்புகிற திறப்பைக் கழற்றி என் பைக்குள் போட்டேன்.

கதவு திறந்தது. அக்கா வந்தார். கையில் ஒரு தட்டம். மிளகாய்த்தூள் பிரட்டிய பச்சைமீன். நேரே வண்டிக்குள் ஏறி, குமிழ் இல்லாத அடுப்பைப் பார்த்தார்.

"என்ர வாசலை நீ மிதிக்கக் கூடாதெண்டுதான் சொன்னனான். உன்ர வண்டியிலை நான் ஏறமாட்டன் எண்டு சொல்லேல்லை. என்னடா, நல்லா மெலிஞ்சு போனாய். குமிழ் எங்கை?"

அண்ணை மீனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வலப்பைக்குள் கைவிட்டு எடுத்துக் கொடுத்தார்.

எண்ணெய் வெடித்தது. புகை கூரையில் முட்டியது. நான் சன்னலைத் திறக்கப் போனேன்.

"திறவாதை! பக்கத்து வீட்டான் பொலிசுக்கு ரெலிபோன் அடிப்பான்," என்றார் அக்கா.

அண்ணை வயிறு முட்டச் சாப்பிட்டார். பிறகு கலியாணம் சொன்னார். அக்கா ஓம் என்றும் சொல்லவில்லை, ஏலாது என்றும் சொல்லவில்லை. ஒரு குமிழைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு இறங்கினார்.

"அக்கா, அது வாடகை வண்டியின்ர!"

"கலியாணத்துக்கு வந்தாத் தாறன்."

எசனுக்குத் திரும்பியதும் கடைக்காரன் வண்டிக் கதவைத் திறந்தான். மூக்கைச் சுருக்கினான். மூடினான். பிணைப்பணம் போனது. குமிழ் எங்கே என்றும் கேட்டான். அண்ணை விழுந்துவிடுவார் என்று பக்கத்தில் போய் நின்றேன்.

"நல்ல மீன், தம்பி," என்றார்.

கலியாணத்தன்று அவர் மண்டப வாசலில் பட்டுவேட்டியோடு சிரித்துக்கொண்டு நின்றார். நான் கார்கள் நிறுத்துகிற இடத்துக்கும் வாசலுக்கும் மாறி மாறி நடந்தேன். தாலி கட்டுகிற நேரம் கிட்டியது. சுவிஸ் இலக்கத்தகடு ஒன்றும் இல்லை.

"ஏன் ஓடித்திரியிறாய்? வருவா," என்றார் அண்ணை.

மேளம் தொடங்க ஒரு கார் திரும்பியது. அக்கா இறங்கினார். பொத்திய கையை என் முகத்துக்கு நேரே விரித்தார். குமிழ்.

அண்ணையின் பதகளிப்பு அன்று முழுக்க என்னிடம் இருந்தது. பாரம்தான். திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை.