ஏழு தலைமுறைப் பெயரும் உடனே தேவை

கைசிலோர்டா

அன்புத் தம்பி சாபித்துக்கு, அண்ணன் ஒராஸ்பை எழுதுவது. நீயும் உன் பெண்டாட்டி பிள்ளைகளும் ஆடு குதிரைகளும் சுகம்தானே? இங்கே நான் சுகம், கம்ப்யூட்டர் செத்துவிட்டது. நீ போனையும் எடுப்பதில்லை, அதனால் பேனாவில் எழுதுகிறேன்.

உன் கம்ப்யூட்டர் செத்ததும் என்னால்தான், நன்றாகத் திட்டிக்கொள். 'எங்கள் மகள் கல்யாணத்துக்கு அவசியம் வரவும், அழைப்பிதழ் இணைப்பில்' என்று ஒரு மின்னஞ்சல் வந்தது, யார் மகள் என்று தெரியவில்லை, தெரியாவிட்டால் என்ன, கூப்பிட்ட கல்யாணத்துக்குப் போகாத வழக்கம் நம்மிடம் உண்டா? திறந்தேன். நான் மட்டும் போய்க் கறி தின்றால் நன்றாகவா இருக்கும் என்று உங்கள் அத்தனை பேருக்கும் அனுப்பியும் வைத்தேன். உள்ளே வைரஸாம். மைத்துனன் போனில் காதைக் கிழித்துவிட்டான், பெரிய மாமா பேச்சையே நிறுத்திவிட்டார்.

அதெல்லாம் போகட்டும். பௌர்சாக் பலகாரம் சுடும் பக்குவம், பேத்திக்குத் தாலாட்டு என்று உன் அண்ணி கூலியாஷ் சாகுமுன் பேசிப் பதிந்ததெல்லாம் கம்ப்யூட்டரோடு போய்விட்டது. மிஞ்சியது அவள் அலமாரியில் வைத்த பென் டிரைவ் ஒன்றுதான். அதையும் பூட்டிவிட்டுப் போயிருக்கிறாள் மகராசி. கம்ப்யூட்டர் கடைக்காரி ஷோல்பானிடம், "உடைச்சாவது திறந்து குடும்மா" என்றேன்.

"பெரியவரே, இது என்க்ரிப்ஷன். உள்ள இருக்கறதையெல்லாம் புரியாதபடி மாத்தி வச்சிருக்காங்க. பாஸ்வேர்டு இல்லாம திருடனாலயும் திறக்க முடியாது."

"நான் திருடன் இல்லம்மா, புருஷன்!"

"அது அதுக்குத் தெரியாதே" என்கிறாள்.

கடைத் திரையில் பாஸ்வேர்டுக்குக் குறிப்பு மட்டும் வருகிறது: 'நான் வாயால் சொல்லாத பெயர்.' நம் வீட்டு மருமகள் எந்தப் பெயரைத்தான் சொன்னாள்? புகுந்த வீட்டு ஆண்கள் பெயரைச் சொல்லக் கூடாது என்று நாம்தானே வாயைக் கட்டினோம்! அப்பா பெயர் போட்டேன், பெரியப்பா பெயர் போட்டேன், உன் பெயரும் போட்டேன். அசையவில்லை. ஏழு தலைமுறையும் உனக்குத்தான் தலைகீழ்ப் பாடம், எழுதி அனுப்பு. அவள் குரல் எனக்கு மறந்துகொண்டே வருகிறது, தம்பி. பயமாக இருக்கிறது.

பிள்ளைகளுக்கு என் ஆசி. உன் வீட்டு அடுப்பு அணையாதிருக்கட்டும்.

அண்ணன்,
ஒராஸ்பை

பி.கு: பெயர்கள் வேண்டாம். உறையை ஒட்டுமுன் மேலே என் கையெழுத்தைப் பார்த்தேன், ஷோல்பான் கடைக்கு ஓடி அதையே போட்டேன், திறந்துகொண்டது. காலமெல்லாம் "ஏங்க, இங்க பாருங்க" என்றே கூப்பிட்டவள். முதல் பதிவில் தாலாட்டு இல்லை, பக்குவமும் இல்லை. "ஒராஸ்பை" என்கிறாள். கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை சொல்லிப் பார்க்கிறாள். அப்புறம் தனியாகச் சிரிக்கிறாள்.