புலிகுத்திக் கல்லுக்கு நான் பூசிய மஞ்சள்

பயம் வந்தால் சிலருக்கு வயிறு கலங்கும். எனக்குக் கை பரபரக்கும். எதையாவது செய்துபோட்டுத்தான் ஓயும்.

துடியலூரில் பம்ப் கம்பெனி வேலை. ஞாயிற்றுக்கிழமையானால் பழைய கல் தேடிக் காடுமேடு சுற்றுவேன். ("அந்தக் கல்லையே கட்டிக்கிட்டு அழுங்க" என்பாள் மனைவி கலாமணி.) அப்படித்தான் காங்கேயம் பக்கம் ரோட்டோரமாக ஒரு புலிகுத்திக் கல்லைப் பார்த்தேன். புலியோடு மல்லுக்கட்டிச் செத்தவனுக்கு அந்தக் காலத்து ஊர்க்காரர்கள் நட்டது. கல்லில் செதுக்கிய புலியின் மீசைகூடத் தெரியும்!

ரோட்டை அகலப்படுத்தும்போது கல் போய்விடும் என்றார்கள். மனுமேல் மனு எழுதினேன். கடைசியில் தொல்லியல் அதிகாரியம்மா ஒருவர் இரங்கினார். "வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வாரேனுங்க. செதுக்குனதைக் கண்ணுல பார்த்தாத்தான் எழுதித் தர முடியும்."

ஏழு மணிக்கே போய் நின்றேன். கல்லுக்குப் பத்தடி தள்ளி ஜேசிபி! டிரைவர் முருகேசன் டீ குடிக்கப் போயிருந்தார். வந்து ஒரே இடி இடித்தால்? அதிகாரியம்மா போனை எடுக்கவில்லை. கை பரபரத்தது. மளிகைக் கடைக்கு ஓடி மஞ்சள்தூளும் குங்குமமும் வாங்கினேன். மஞ்சளைக் குழைத்துக் கல் முழுக்க அப்பி, என் துண்டையும் அதில் நனைத்துக் கட்டி, குங்குமத்தைப் பெரிய பொட்டாக வைத்துவிட்டு வேலிக்குப் பின்னால் ஒளிந்தேன். (அப்போது எனக்கு வயது நாற்பத்தொன்று.)

முருகேசன் வந்தார், பார்த்தார், செருப்பைக் கழற்றினார். அப்பாடா என்றிருந்தது.

அதோடு நின்றிருக்கக் கூடாதா? வெள்ளிக்கிழமை அதுவுமாகச் சாமி எழுந்துவிட்டது என்று அவரிடமிருந்து ஊருக்குள் போன் பறந்தது. ஒன்பது மணிக்குத் தேங்காய், கற்பூரம். ஒன்பதரைக்குப் பொங்கல் பானை ஏறிவிட்டது. பத்துக்கு ஜீப் வந்தது.

"புலி எங்கீங்க?" என்றார் அதிகாரியம்மா.

"உள்ள இருக்குதுங்க."

"கழுவிக் காட்டுங்க."

நான் சொம்பைத் தூக்கியதும் முருகேசன் குறுக்கே விழுந்தார். "ஏனுங்க, பூசை நடக்கையில சாமி மேல கை வெக்கறீங்க?"

"ஐயோ, மஞ்சள் பூசுனதே நாந்தானுங்க!" என்று கத்தினேன். எனக்கு உடம்பெல்லாம் நடுங்கியது.

பொங்கல் கிண்டிக்கொண்டிருந்த ஊர்க்காரம்மா ஒருவர் கரண்டியோடு கையெடுத்துக் கும்பிட்டார். "இவரு மேல வந்துதான் சாமி பூசச் சொல்லியிருக்குது. பாருங்க, இன்னும் எறங்கலீங்க!"

என் நெற்றியில் திருநீறு, கழுத்தில் மாலை. அதிகாரியம்மா 'செதுக்கல் தெரியவில்லை' என்று எழுதிக்கொண்டு, பொங்கலையும் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஆனால் முருகேசன் வண்டியை எடுக்க மாட்டேன் என்றுவிட்டார். அடுத்து வந்த டிரைவரும் அப்படியே. ரோடுதான் வளைந்து போனது. கல் பிழைத்தது. புலியை மட்டும் அதற்கப்புறம் ஒருவரும் பார்க்கவில்லை. வாராவாரம் மஞ்சள் ஏறி ஏறி, மீசை எந்தப் பக்கம் என்று எனக்கே சந்தேகமாக இருக்கிறது.

இன்றைக்கும் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் கடைசி மைசூர்பாக்கு இருந்தால், மகள் அதன் டப்பாவுக்கு மஞ்சள் துணி கட்டிவிடுவாள். "சாமிங்கப்பா, தொடப்படாது!" கலாமணி சமையலறையிலிருந்து சிரிப்பாள். அவிழ்த்துத் தின்ன எனக்கும் கை பரபரக்கும். பேசாமல் கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன்.