ஜலதோஷம் பிடித்த ஆங்கிலம்

1987 ஜூலை 14, செவ்வாய்க்கிழமை. காலை 5.10-க்கு எழுந்தேன். 5.30-க்குப் பால் வாங்கி வந்தேன். 6.15-க்குச் சவரம். 6.40-க்கு என்னிடமிருந்த இரண்டு கேசட்டுகளையும் வெளியே எடுத்து, மெல்லிய துணியால் துடைத்து, திரும்ப அதனதன் பெட்டிக்குள் வைத்தேன். 8.05-க்கு இரும்புலியூரில் பஸ் ஏறினேன்.

என்னைக் கவிழ்த்தது அந்த 6.40 தான். (துடைக்கச் சொல்லி யாராவது கேட்டார்களா?)

அப்போது நான் தாம்பரத்தில் ஒரு பள்ளியில் ஆங்கில ஆசிரியர். தமிழ் வழியில் படித்தவன். ஆங்கிலத்தைக் கண்ணால் படித்த அளவுக்குக் காதால் கேட்டதில்லை. அதனால் உச்சரிப்புப் பாடத்தை ஒரு வெள்ளைக்காரரின் கேசட்டிடம் ஒப்படைத்திருந்தேன். அவர் ஒரு வாக்கியம் சொல்லி நிறுத்துவார். ஒன்பதாம் வகுப்பின் நாற்பத்தாறு பேரும் திருப்பிச் சொல்வார்கள். நான் போட்ட விதி ஒன்றுதான்: டேப் என்ன சொன்னாலும் அதையே, அதே ஏற்ற இறக்கத்தோடு சொல்ல வேண்டும். யோசிக்கக் கூடாது.

இரண்டாவது கேசட் என் ரகசியம். வீட்டில் அவரைப் போலவே பேசிப் பார்த்துப் பதிந்தது. போட்டுக் கேட்கத்தான் தைரியம் வரவில்லை. ஒன்றில் ‘அசல்’, மற்றதில் ‘நகல்’ என்று முத்து முத்தாக எழுதி ஒட்டியிருந்தேன். பெட்டிகளின் மேல் மட்டும்.

அன்று கல்வி அதிகாரி தலைமையாசிரியரோடு என் வகுப்பைப் பார்வையிட வந்தார். சரியாகப் போகாவிட்டால் ஆங்கிலம் வேறொருவருக்கு, எனக்குப் பழையபடி புவியியல் என்று தலைமையாசிரியர் முதல் நாளே சொல்லிவிட்டார். நான் ‘அசல்’ பெட்டியைத் திறந்து, கேசட்டைப் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

மூக்கால் ஒருவர் ஆங்கிலம் பேசினார். வகுப்பும் மூக்கால் பேசியது. அது யார் குரல் என்று எனக்குப் புரிவதற்குள் டேப்பில் என் மனைவி கோமதி பேசிவிட்டாள்.

“ஏங்க, யாரோட பேசிக்கிட்டிருக்கீங்க?”

நாற்பத்தாறு பேரும் என்னைப் பார்த்து, “ஏங்க, யாரோட பேசிக்கிட்டிருக்கீங்க?” என்றார்கள்.

டேப்பில் நான்: “கோமு, வெள்ளைக்காரன் மாதிரி வருதா பாரு.”

அதையும் சொன்னார்கள், என் குழைவு குறையாமல்.

“ஜலதோஷம் பிடிச்ச மாதிரி வருது.”

அதைச் சொன்னபோது ஜன்னல் கம்பிகள் அதிர்ந்தன.

பள்ளியின் டேப் ரெக்கார்டரில் நிறுத்தும் பொத்தான் உடைந்து மாதக்கணக்காகியிருந்தது. பிளக்கோ அதிகாரியின் நாற்காலிக்குப் பின்னால். மண்டியிட்டு ஊர்ந்து போய்ப் பிடுங்கினேன். நிமிர்ந்தபோது தலைமையாசிரியர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதிகாரி கடைசி பெஞ்சில் இருந்த பவானியை எழுப்பினார். பம்மலிலிருந்து வரும் பெண். அதுவரை வகுப்பில் வாயே திறக்காதவள். ஏனம்மா அதையெல்லாம் சொன்னாய் என்று கேட்டார்.

“டேப்பு இன்னா சொன்னாலும் சொல்லணும்னு சார்தான் சொல்லிகீறாரு.”

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மீதிப் பாடத்தை டேப் இல்லாமல் நடத்தச் சொன்னார். வேறு வழியில்லை. அதே வாக்கியங்களை என் சொந்தக் குரலில், தமிழ் வழியில் படித்த வாயால், மெதுவாகச் சொன்னேன். சிரித்துப் பயம் விட்டுப்போன பிள்ளைகள் உரக்கத் திருப்பிச் சொன்னார்கள். பவானியும் சொன்னாள், தவறிய இடத்தில் தானே நிறுத்தி, மறுபடி சொன்னாள்.

போகும்போது அதிகாரி, “உங்க குரலே நல்லாப் புரியுது சார். அந்தம்மா குரல் இன்னும் நல்லாப் புரியுது,” என்றார். ஆங்கிலம் என்னிடமே இருக்கட்டும் என்றார் தலைமையாசிரியர், இன்னும் கூரையைப் பார்த்தபடியே.

மாலையில் எல்லாவற்றையும் கோமதியிடம் சொன்னேன். அவள் கேட்டது ஒன்றுதான்: “நான் சொன்னதைச் சரியா சொன்னாங்களா?”

“பிசகாம.”

“அப்ப நானும் டீச்சர்தான்.”

இன்றும் நான் போனில் ஆங்கிலம் பேசினால், என் மகள் மிளகு ரசம் வைக்கட்டுமா என்று கேட்கிறாள்.

அந்தச் செவ்வாய்க்கு மறுநாளும் 5.10-க்கு எழுந்தேன். பால் வாங்கப் போவதற்கு முன் ‘நகல்’ லேபிளைக் கிழித்துவிட்டு, இனி பிள்ளைகளின் குரலை அதில் பதிவதென்று புதிதாக ஒன்று எழுதி, இந்த முறை கேசட்டின் மேலேயே ஒட்டினேன்: ‘ஒன்பதாம் வகுப்பு. முதல் குரல், பவானி.’